கோல்கீப்பருக்கு வைத்த பொட்டு

அம்மா செய்த அந்தக் காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். முப்பது வயதாகிவிட்டது, ஒரு பிள்ளைக்குத் தாயாகியும் விட்டேன். ஆத்திரம் மட்டும் ஆறவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. டென்மார்க்கின் ஒடென்சேயில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடச் சைக்கிள் தூரத்தில், பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற ஹாண்ட்போலைப் பெண்கள் ஆடும் மண்டபம் இருந்தது. வீராங்கனைகளின் படம் போட்ட அட்டைகளை அங்கே சும்மா தருவார்கள். ஆட்டம் முடிந்து வாசலில் காத்து நின்றால் அதில் கையெழுத்தும் போட்டுத் தருவார்கள். மொத்தம் பதினைந்து அட்டைகள். பதினான்கில் வாங்கிவிட்டேன். மிச்சம் கோல்கீப்பர். அந்த மனுசி முழங்காலில் ஐஸைக் கட்டிக்கொண்டு பின்வாசலால் போய்விடுவாள். நாலு சனிக்கிழமை மழையில் நனைந்து, தடிமன் பிடித்து, ஐந்தாவது சனிக்கிழமை ஆளைப் பிடித்தேன். தன் படத்தின் நெற்றிக்குக் குறுக்கே பெயரை எழுதி, பன்னிரண்டு என்று சட்டை இலக்கத்தையும் போட்டாள். சந்தோசத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கிழமை சரஸ்வதி பூசை. படிக்கிற பிள்ளையின் புத்தகங்களைச் சாமிக்கு முன்னால் அடுக்கிப் பொட்டு வைக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்திலோ புத்தகங்களை வீட்டுக்கு விடுவதில்லை, எல்லாம் வகுப்பு அலுமாரியில்தான் கிடக்கும். புத்தகமில்லாமல் ஒரு பூசையா என்று அம்மா வீடு முழுக்கத் தேடியிருக்கிறார். நான் நித்தமும் விரித்து வைத்துப் பார்க்கிற ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. அட்டைகளைச் செருகி வைத்திருந்த என் கொப்பி.

மூலையில் ஒரு பொட்டோடு விட்டிருந்தால் நானும் போகட்டும் என்று விட்டிருப்பேன். அம்மாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, பதினைந்து பேருடைய நெற்றியிலும் பன்னீரில் குழைத்த சந்தனத்தை வைத்து, அதற்கு மேல் குங்குமமும் வைத்திருந்தார். மற்றவர்கள் காலடியில் கையெழுத்துப் போட்டதால் தப்பினார்கள். கோல்கீப்பரின் பெயர் கரைந்து மூக்கு வழியாக நீலமாக வடிந்திருந்தது.

பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தவள் டெனிஷில் கத்தினேன். அவ்வளவு கோபத்துக்கு என்னிடம் தமிழ் இருக்கவில்லை.

"பேர்தானே பிள்ளை அழிஞ்சது? ஆள் அப்பிடியே இருக்கிறா. பொட்டோட இன்னும் வடிவாயெல்லோ இருக்கிறா," என்றார் அம்மா.

கொப்பியை இழுக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "சாமிக்கு வைச்சதை நாளைக்குத்தான் எடுக்கலாம். தொடாதை."

இது என்ன நியாயம்? என்னுடைய பொருளை என்னைக் கேட்காமல் எடுத்து, பாழாக்கியும் விட்டு, நான் அதைத் தொடவும் கூடாதாம்! மன்னிப்பும் இல்லை. கிண்ணத்தில் அவலும் கடலையும்தான் வந்தன. நான் வாயில் வைக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க அம்மாவோடு கதைக்கவுமில்லை. சனிக்கிழமை ஆட்டத்துக்கும் போகாமல் கட்டிலில் கிடந்தேன்.

அன்று பின்னேரம் அம்மா வேலையால் பிந்தி வந்தார். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினார். சந்தனம் துடைத்திருந்தது. நீலக் கறைக்குக் கீழே புதிதாக ஒரு கையெழுத்து.

"இந்தா, திருப்பி வாங்கிக்கொண்டு வந்திட்டன்."

பார்த்தேன். எழுத்து வேறு. இலக்கம் பதினாறு. எங்கள் அணியில் பதினாறே கிடையாது! அன்று எங்களை எதிர்த்து ஆட வந்தவர்களின் கோல்கீப்பர், எங்கள் ஆளின் நெஞ்சில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்!

"அவவும் கோல்கீப்பர்தானே? கேட்டனான், ஓமெண்டு சொன்னவ," என்றார் அம்மா.

அட்டையை இரண்டாகக் கிழித்துக் குப்பை வாளிக்குள் போட்டேன். அட்டை சேர்க்கிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள், வேறென்ன செய்வது? அம்மா ஜாக்கெட்டைக் கொழுவிவிட்டுக் குசினிக்குள் போனார்.

பல் டொக்டரிடம் போனால்கூட, எந்தப் பல் நோகிறது என்று சொல்ல என்னைக் கூட்டிக்கொண்டு போகிற அம்மா. கடையில் ஒரு சாமானை மாற்றுவதென்றாலும் நான்தான் கதைக்க வேண்டும். அப்படிப்பட்டவர் நான் இல்லாமல் அந்த வாசலில் தனியே நின்று, அவ்வளவு உயரமான பெண்ணை மறித்து, அந்த ஒரு கேள்வியை டெனிஷில் எப்படிக் கேட்டிருப்பார் என்று ஒன்பது வயதில் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.