நான் திருத்திய முப்பத்தெட்டு நோட்டுகள்

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆங்கிலத்தில் வகுப்பில் நான்தான் முதல். அந்தத் திமிர் மட்டும் இல்லாதிருந்தால் இந்த வேலையில் இறங்கியிருக்கவே மாட்டேன்.

அவிநாசியில் எங்களோடு இருந்த சித்தி, ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தார். சனிக்கிழமைகளில் எம்.எட். படிக்கக் கோவை போவார். அங்கே படித்த ஓர் ஆராய்ச்சியை வகுப்பில் செய்துபார்க்கும் ஆசை அவருக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் வாரம் ஒருமுறை தோன்றியதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சித்தி பிழைகளைத் தொடமாட்டார். கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதுவார். எருமை வளர்க்கும் வீட்டுப் பெண் ஒருத்தி முதலில் எழுதியது இரண்டே வரி. கன்றுக்கு என்ன பெயர், யாரிடம் முரண்டு பிடிக்கும் என்று சித்தி கேட்டுக் கேட்டு, நாலு மாதத்தில் அவள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். வரிக்கு மூன்று பிழை.

பெற்றோர் சும்மா இருப்பார்களா? ஓர் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், எம்பட புள்ள நோட்டுல ஒரு சிவப்புக் கோடுகூட இல்லீங்களே. நோட்டப் பாக்கறீங்களா, இல்லீங்களா?"

சித்தி சொன்ன விளக்கம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நேரே பிரின்சிபாலிடம் போனார். திங்கட்கிழமைக்குள் எல்லா நோட்டும் திருத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளலாம் என்று சித்திக்கு உத்தரவு வந்தது. "வேலை போனாப் போவுது, நான் திருத்த மாட்டேன்" என்று அம்மாவிடம் அவர் சொன்னதைக் கேட்டு எனக்குப் பகீரென்றது. வேலை போனால் சித்தி ஊரைவிட்டே போய்விடுவாரே!

சனிக்கிழமை அவர் பஸ் ஏறியதும் நோட்டுப் பையைப் பிரித்தேன். மாலைக்குள் ஒரு சிவப்புப் பேனா தீர்ந்து இரண்டாவதும் பாதியாகிவிட்டது. எருமைக்காரி நோட்டில்தான் வேலை அதிகம்.

திரும்பி வந்த சித்தி ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினார். "என்ன அம்மணி, இப்படிச் செஞ்சுபோட்ட?" என்றார். கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

மை அழியாது. திங்கட்கிழமை அப்படியே கொண்டுபோனார். பிரின்சிபாலுக்குத் திருப்தி, வேலை தப்பியது.

அடுத்த வாரம் நோட்டுகள் வந்ததும் முதலில் எருமைக்காரி நோட்டைத்தான் தேடி எடுத்தேன். எருமை கறுப்பு. எருமை பால் தரும். எருமை நல்ல பிராணி. அவ்வளவுதான்.

"பாருங்க சித்தி, ஒரு தப்புகூட இல்லீங்க!" என்று ஓடிப்போய்க் காட்டினேன்.

சித்தி கேள்வி எழுதப் பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் அந்த மூன்று வரியையே பார்த்திருந்துவிட்டு மூடி வைத்தார். என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று அன்று முழுக்க எனக்கு வருத்தமாக இருந்தது.