முளை இருந்த இடமெல்லாம் குழி

போன வருஷம் கோடை மழை பெய்து மண் இளகி, எஸ்டேட்டுகளில் காபி நாற்று நடக் குழி வெட்ட ஆரம்பித்திருந்த சமயம். ஏற்காட்டில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் உள்ள சின்னப் பூங்காவில் நடந்தது இது. சுற்றுலா வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பூங்கா இல்லை. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், சாயம் போன ஒரு சிமெண்ட் யானை. யானைக்குத் தும்பிக்கையும் பாதிதான் மிச்சம்.

நான் டாக்ஸி ஓட்டுகிறவன். இந்த வியூ பாயிண்ட், அந்த வியூ பாயிண்ட் என்று வருகிறவர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டுவதுதான் பிழைப்பு. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் மலையைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் மகள் ஜன்னல் ஓரக் கட்டிலில் காலையில் பார்த்த மாதிரியே படுத்திருப்பாள்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கையும் காலும் அவள் சொன்னபடி கேட்காது. கழுத்து நிற்காது. உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவாள். பேச்சும் வரவில்லை. ஆனால் சிரிப்பு வரும். எப்போது தெரியுமா? சிகிச்சைக்காகச் சேலத்துக்கு அழைத்துப் போகும்போது, கொண்டை ஊசி வளைவுகளில். வண்டி இப்படிச் சாய்ந்து அப்படிச் சாயும்போது மற்ற பிள்ளைகள் வாந்தி எடுக்கும். இவள் கலகலவென்று சிரிப்பாள். டிரைவர் மகளுக்கு வளைவு பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும் என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வேன். ஆனாலும், என் பிள்ளை சிரிப்பது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மட்டும்தான் என்பது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆடுவதுதான் பிடிக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மனைவி ஊஞ்சலில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டாள். சங்கிலியைப் பிடிக்க ஒரு கை வேண்டும், பிள்ளையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். ஓர் ஆட்டத்திலேயே மகள் நழுவிவிட்டாள். நல்லவேளை, நான் பிடித்துவிட்டேன். சுற்றி நின்ற பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தன. யாரோ ஒரு தாய், கெட்ட எண்ணத்தோடு இல்லை, "ஐயோ பாவம், இந்தப் புள்ளைய எதுக்குங்க இங்கெல்லாம் தூக்கியாந்து நொம்பலப்படுத்தறீங்க?" என்றார்.

என் மனைவி பிள்ளையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அவள் பூங்கா பக்கம் திரும்பிப் பார்த்ததும் இல்லை. வீட்டிலேயே ஊஞ்சல் கட்டலாம் என்றால், எங்களுடையது ஷீட் போட்ட வாடகை வீடு. மேலே இருக்கிற கட்டை ஒரு ஃபேனைத் தாங்குவதே எங்கள் புண்ணியம்.

இப்படி இருக்கும்போதுதான் பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பக்கத்தில் புதர் மண்டிக் கிடந்த நிலத்தையும் சேர்த்துப் பெரிதாக்குவார்களாம். என்ன வேண்டும் என்று மக்களிடமே கேட்பார்களாம். வரைபடம் போடுவதற்காகச் சேலத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். எங்களை எல்லாம் சமுதாயக் கூடத்தில் உட்கார வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள் என்றார். கேட்டதுதான் தாமதம், சந்தைக்கடை ஆகிவிட்டது. ஓய்வு பெற்றவர்களுக்கு நடைபாதை வேண்டும். இளவட்டங்களுக்கு ஷட்டில் ஆட இடம் வேண்டும். விடுதி நடத்தும் ஒருவருக்கு ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் வைத்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க ஓர் இடம் வேண்டும். ஒருவர் வாயைத் திறந்தால் நாலு பேர் மறித்தார்கள்.

நான் கடைசி வரிசையில் என் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படுத்தபடியே ஆடுகிற மாதிரி ஓர் ஊஞ்சல் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஊருக்குப் பொதுவான இடத்தில் ஒரே ஒரு பிள்ளைக்காக எப்படிக் கேட்பது? கேட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். "ஐயோ பாவம்" என்பார்கள். அதை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

சத்தம் தாங்காமல் அந்தப் பெண்ணே ஒரு வழி சொன்னார். யாரும் பேச வேண்டாம், சண்டையும் வேண்டாம். ஆளுக்கொரு குச்சியில் துணி கட்டி, உங்களுக்கு வேண்டியது எந்த இடத்தில் வர வேண்டுமோ அங்கே நட்டுவிட்டுப் போங்கள். விளையாட்டுக்குச் சிவப்புத் துணி, உட்காரும் இடத்துக்கு மஞ்சள், மற்றதுக்கெல்லாம் வெள்ளை. நாளைக்கு நான் வந்து இடங்களைக் குறித்துக்கொள்கிறேன், என்ன வேண்டும் என்பதை அவரவர் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னால் போதும் என்றார்.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஊர் முன்னால் வாயைத் திறக்காமலே கேட்டுவிடலாமே! வீட்டுக்குப் போய் மனைவியிடம் சிவப்புத் துணி ஏதாவது இருக்கிறதா என்றேன். எதற்கு என்றாள். சொன்னேன். மகளின் சடையிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள்.

சாயங்காலம் போனபோது பூங்கா முழுக்கக் கட்சி மாநாடு மாதிரி கொடி பறந்தது. புதர் நிலத்தின் மூலையில் ஒரு பலா மரம் உண்டு. அதன் கிளை ஒன்று தாழ்வாக, நல்ல கனமாக நீண்டிருக்கும். அந்த நிழலில் என் குச்சியை நட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, திருடன் மாதிரி வந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு குடும்பத்தைக் காட்சிமுனையில் இறக்கிவிட்டு அந்த வழியாகத் திரும்பினேன். பூங்காவில் ஒரே கூட்டம், கூச்சல். வண்டியை ஓரம் கட்டிவிட்டு உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பூங்கா முழுக்கக் குழி! ஒன்றிரண்டு இல்லை. துணி கட்டிய குச்சி எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் முழங்கால் ஆழத்துக்குச் சதுரமாக, ஓரம் சீவி, மண்ணை ஒரே பக்கமாகக் குவித்து, அத்தனை அழகாக வெட்டிய குழிகள். வாசலுக்கு நேரே ஒன்று. யானைக்கு முன்னால் ஒன்று. பிடுங்கிய குச்சிகளும் துணிகளும் ஒரு மூலையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

நடந்தது இதுதான். புதரை வெட்டிச் சுத்தம் செய்ய, செம்மநத்தம் கிராமத்திலிருந்து எஸ்டேட் வேலை செய்யும் பெண்கள் சிலரை வரச் சொல்லியிருக்கிறார்கள். புதரை எடுத்துவிட்டு வேலி ஓரத்தில் செடிக்குக் குழியும் போட்டுவிடுங்கள் என்று ஆள் அனுப்பிய மேஸ்திரி போனில் சொல்லியிருக்கிறார். எஸ்டேட்டில் நாற்று நடுவதற்கு முன் குழி வர வேண்டிய இடத்தில் எல்லாம் முளைக்குச்சி அடித்துவிட்டுப் போவார்கள். முளையைக் கண்டால் குழியை எடு, அவ்வளவுதான். அந்த வழக்கத்தில் வந்தவர்கள் இங்கே வரிசையே இல்லாமல் நின்ற முளைகளைப் பார்த்து, அடித்தவனுக்குக் கண் சரியில்லை போல என்று சிரித்துக்கொண்டே வெட்டியிருக்கிறார்கள். எந்த வேலையும் சொன்ன நேரத்துக்கு நடக்காத எங்கள் பகுதியில், அன்றைக்கு மட்டும் பத்து மணிக்குள் எல்லாம் கச்சிதமாக முடிந்துவிட்டது.

விடுதிக்காரர் கத்திக்கொண்டிருந்தார். துணி கட்டிய குச்சியைப் பார்த்துமா தெரியவில்லை என்றார். பெண்களில் மூத்தவர், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு நின்ற ஓர் அக்கா, பயந்துபோய்ப் பதில் சொன்னார். "ஏனுங்க, துணி கட்டிருந்தாத்தானுங்களே முளை நல்லாத் தெரியும்? தெரிஞ்சுதுனுதான் வெட்டுனோம். தப்பா இருந்தா மூடிப்போடறோமுங்க."

மூடுங்கள், உடனே மூடுங்கள் என்று நாலு பேர் சேர்ந்து சொன்னார்கள். அந்தப் பெண்களும் மண்வெட்டியை எடுத்தார்கள். குச்சியும் போய், குழியும் மூடிவிட்டால் என் மகளின் ஊஞ்சல் அந்த மண்ணுக்குள்ளேயே போய்விடும்.

அந்த நேரத்தில் வரைபடம் போடும் பெண் வந்து சேர்ந்தார். ஒரு கணம் திகைத்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மூட வேண்டாம் அக்கா என்று மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார். எது யார் நட்ட குச்சி என்று இனி எனக்குத் தெரியாது, அதனால் அவரவர் குழிக்குப் பக்கத்தில் போய் நின்று என்ன கேட்டீர்கள் என்று வாயால் சொல்லுங்கள் என்றார்.

வேடிக்கையைக் கேளுங்கள். முதல் நாள் அடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் சமர்த்தாகத் தங்கள் குழியோரம் போய் நின்றார்கள். நாற்காலி கேட்டிருந்த ஒரு பெரியவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, "இதுவே சொகமாத்தான் இருக்குதுங்க" என்றார். நடைபாதைக்காரர்களின் குழியும் ஷட்டில்காரர்களின் குழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால், இரண்டு கட்சியும் பக்கத்தில் நின்றபடியே பேசி ஒத்துக்கொண்டன. ஒவ்வொன்றாக எல்லாக் குழிக்கும் ஆள் வந்துவிட்டது. பலா மரத்தடிக் குழி மட்டும் அனாதையாகக் கிடந்தது.

இது யாருடையது என்று அந்தப் பெண் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வண்டிச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். அப்படியே நழுவிவிடலாம் என்றுகூட ஓர் அடி எடுத்து வைத்துவிட்டேன்.

அப்போது அந்த அக்கா தன் இடுப்பு மடிப்பிலிருந்து எதையோ எடுத்துத் தூக்கிக் காட்டினார். என் மகளின் ரிப்பன். "அந்தக் குச்சியில இதுதானுங்க இருந்துது. இது துணியில்லீங்க, கொழந்தைப் புள்ள சடையில கட்டுனது. எண்ணெ வாசம் இன்னும் இருக்குது. யாரோ ஆசையாக் கட்டிருக்காங்க, குப்பையில போட மனசு வரலீங்க."

இதற்கு மேல் எப்படி நிற்பது? போய் அந்தக் குழியோரம் நின்றேன். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. மகளைப் பற்றிச் சொன்னேன், வளைவில் அவள் சிரிப்பதைச் சொன்னேன், படுத்தபடி ஆட ஓர் ஊஞ்சல் என்றேன். சொல்லி முடித்துவிட்டு "ஐயோ பாவம்" வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

வரவில்லை. குழியில் காலைத் தொங்கவிட்டிருந்த பெரியவர், "பாப்பா என்ன ஒசரமுங்க? ஊஞ்சல் எத்தனை நீளம் இருக்கோணும்?" என்று கேட்டார். தலைப்பக்கம் கொஞ்சம் உயரமாக வேண்டுமா, தட்டையாக வேண்டுமா என்றார் வரைபடம் போடும் பெண். வாசலில் படி வைத்தால் பிள்ளையை எப்படித் தூக்கி வருவார், சரிவாக விடுங்கள் என்றார் விடுதிக்காரர். பரிதாபத்துக்குத் தயாராக வந்தவனிடம் எல்லாரும் அளவு கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த அக்கா பக்கத்தில் வந்தார். "ஊஞ்சல் வர்றப்ப வரட்டுங்க. பாப்பா இப்ப எங்கீங்க?"

"ஊட்லதானுங்க" என்றேன்.

"கூட்டியாங்க, போங்க."

மனைவி சம்மதிக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஊரே இருக்கிறது என்றேன். அக்கா திருப்பித் தந்த ரிப்பனை என் கையிலிருந்து வாங்கி, மகளுக்குத் தலை சீவி, இழுத்துச் சடை கட்டிவிட்டு, பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

நாங்கள் போவதற்குள் பலா மரக் கிளையில் தூளி தயாராக இருந்தது. காபி பறிக்கிற இடத்தில் கைக்குழந்தைக்கு மரத்தில் கட்டுவார்களே, அதே தூளிதான், ஆனால் பெரியது. அவர்கள் மழைக்குப் போர்த்தி வந்த கம்பளிகளை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, வெட்டிய புதரைக் கட்டக் கொண்டுவந்த கயிற்றால் இரண்டு முனையிலும் கட்டியிருந்தார்கள். அடியில் இருந்த குழியில் இலைதழையைக் கொட்டி மெத்தை மாதிரி ஆக்கியிருந்தார்கள். அந்த அக்கா முதலில் தானே ஏறிப் படுத்து ஓர் ஆட்டம் ஆடிக் காட்டினார். "என்னையே தாங்குது, பாப்பாவத் தாங்காதுங்களா?"

மகளைக் கிடத்தினோம். கம்பளி அவளை இரு பக்கமும் அணைத்துக்கொண்டது. கழுத்து சரியவில்லை, யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மனைவி மெதுவாக ஆட்டினாள். முதலில் மகள் கண்ணை அகல விரித்துப் பலா இலைகளையே பார்த்தாள். பிறகு திடீரென்று, கொண்டை ஊசி வளைவில் வருமே, அந்தச் சிரிப்பு வந்தது. நிற்கவே இல்லை. "சிரி சாமி, நல்லாச் சிரி கண்ணு" என்று அந்த அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மனைவி சிரித்தாளா அழுதாளா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

பூங்கா இப்போது முடிந்துவிட்டது. வாசலில் படி இல்லை. பலா மரத்துக்குப் பக்கத்தில், அந்தக் குழியிலேயே இரும்புக் கால் ஊன்றி, படுத்தபடி ஆடுகிற ஊஞ்சல் வைத்திருக்கிறார்கள். நல்ல கை கால் உள்ள வாண்டுகளும் அதில்தான் படுப்போம் என்று அடம் பிடிக்கிறார்கள். யானைக்கும் தும்பிக்கை வந்துவிட்டது, நிறம்தான் ஒட்டவில்லை.

போன மாதம் ஒரு நாள் மகளை ஆட்டிக்கொண்டிருந்தேன். மலையின் அந்தக் கோடியில் இருக்கும் கொட்டச்சேட்டிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர், தோளில் ஒரு பெரிய பையனைச் சாய்த்தபடி வேலி ஓரம் தயங்கித் தயங்கி நின்றார். பையனுக்குக் கழுத்து நிற்கவில்லை. இங்கே இப்படி ஓர் ஊஞ்சல் இருக்கிறதாமே, எங்களையும் விடுவார்களா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மகளைத் தூக்கிக்கொண்டு, வாங்க, கிடத்துங்க என்றேன்.

ஒரே ஒரு பிள்ளைக்காக எப்படிக் கேட்பது என்றுதானே அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நழுவப் பார்த்தேன்! அந்த அக்கா ரிப்பனைக் குப்பையோடு போட்டிருந்தால், அந்தப் பையனின் அப்பாவும் நானும் இந்த மலையின் இரண்டு மூலைகளில், ஆளுக்கொரு ஜன்னலோரத்தில், நம் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டே இருந்திருப்போம்.