அவரை என்று பதிவான ராகி நிலம்

அந்த ஃபோன் வந்தபோது நான் மெட்ரோ படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். புது எண். எடுத்ததும் ஒரு பெண் குரல்.

"ஹலோ, நம்ம நெலத்துல ஃபோட்டோ புடிச்ச மேடம்தான பேசறது? பதிவு பண்ற எடத்துல இந்த நம்பரக் குடுத்தாங்க."

ஆமாம் என்றேன்.

"நான் ராகி வெதச்சேன். ராகி அறுத்தேன். வூட்ல மூட்டை மூட்டையா ராகிதான் அடுக்கி வெச்சிருக்கேன். கம்ப்யூட்டர்ல மட்டும் அவரைக்காய்னு வருதாம். எப்படி மேடம் மாத்துனீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். நான் அந்த அவரைக்காயத் தங்கமா மாத்திக்கறேன்."

பின்னால் இறங்கி வந்தவர்கள் என் தோளை இடித்துக்கொண்டு போனார்கள். நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன்.

அப்போது நான் செய்துகொண்டிருந்தது தற்காலிக வேலை. பயிர்க் கணக்கெடுப்பு. வேளாண் புள்ளியியலில் பட்டம் வாங்கி வீட்டில் சும்மா உட்கார முடியாமல் நானாகத் தேடிப்போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு சர்வே நம்பராகப் போய் நிற்க வேண்டும். நான் நிலத்துக்குள்தான் இருக்கிறேன் என்று கைபேசிச் செயலி ஒப்புக்கொண்டதும் படம் எடுத்து, பயிரின் பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கத்தில் யாரோ பாதியில் விட்டுப்போன ஊர் ஒன்று நவம்பர் கடைசியில் என் தலையில் விழுந்தது. எனக்கோ கொண்டாட்டம். லிங்கராஜபுரத்தில் அப்பாவின் ஸ்கூட்டரைக் கிளப்பினால், சர்ஜாபூர் ரோட்டின் நெரிசலைத் தாண்டி, வெயில் ஏறுவதற்குள் வயல் வரப்பில் நிற்பேன். மற்றவர்கள் இரண்டு நாளில் முடிப்பதை ஒரே நாளில் முடித்துவிடுவேன். எங்கள் மேற்பார்வையாளர் வாட்ஸ்அப் குழுவில் என் பெயரைப் போட்டுக் கைதட்டல் பொம்மை அனுப்புவார். நான் அதை அம்மாவிடம் காட்டுவேன்.

இந்த அக்காவின் நிலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஏனென்றால் அந்த வட்டாரத்தில் பார்த்த மாத்திரத்தில் எனக்கு அடையாளம் தெரிந்த ஒரே பயிர் அதுதான். டிசம்பர் வந்தால் பெங்களூரில் எந்தத் தெருமுனையில் அவரைக்காய் குவியவில்லை? பட்டாணியை உரிக்கிற மாதிரி அதை உரித்து உரித்து வளர்ந்தவள் நான். வரப்பின் விளிம்பில் நின்றேன். பச்சைக் கொடிகள், பூ, பிஞ்சு, அந்த மணம். படம் எடுத்தேன். 'அவரை' என்று தொட்டேன். நில உரிமையாளர் உடன் இருந்தாரா என்று செயலி கேட்டது. 'இல்லை' என்றால் இன்னொரு பக்கம் திறக்கும், காரணம் எழுத வேண்டும். 'ஆம்' என்று தொட்டேன். அம்மாவுக்கும் ஒரு படம் அனுப்பிவிட்டு அடுத்த நிலத்துக்குப் போய்விட்டேன்.

"அக்கா, அது ராகி நிலமா?" என்று இப்போது ஃபோனில் கேட்டேன்.

"பின்ன? ராகிய அறுத்து எடுத்து நாலு நாள் ஆயிருந்துது நீங்க வந்தப்ப. அவரை அக்கடியில போட்டது. ராகி போனா அதுக்கு வெயில் கெடைக்கும், படர்ந்துக்கும். இது தெரியாதா உங்களுக்கு? உங்கள யாரு அனுப்பி வெச்சது?"

தெரியும். அதுதான் கொடுமை. அக்கடி என்றால் ராகி வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ஊன்றுகிற பயிர். அவரை, துவரை, கடுகு என்று எதுவும் இருக்கலாம். கல்லூரியில் தேர்வுத்தாளில் அதைப்பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். படம் கூட வரைந்தேன்.

அரசுக் கொள்முதல் மையத்தில் ராகிக்கு ஆதரவு விலை கிடைக்கும். ஆனால் அந்த நிலத்தில் ராகி விளைந்தது என்று கணக்கெடுப்பு சொன்னால்தான் பெயரைப் பதிவு செய்வார்கள். பதிவு சனிக்கிழமையோடு முடிகிறது. அன்று செவ்வாய்.

"சனிக்கிழமைக்குள்ள நான் மாத்தித் தரேன்க்கா" என்றேன்.

"வாய்ல சொல்லாதீங்க. வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். அவர் கன்னடக்காரர், நல்ல மனிதர், எப்போதும் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். "ஒரு ஏக்கர்தானேம்மா? அந்தப் பதிவ நான் ஓகே பண்ணி மேலே அனுப்பியாச்சு. இப்பத் திறந்தா உன் பேருக்கும் எதிர, என் பேருக்கும் எதிர சிவப்புக் குறி வரும். அடுத்த வருஷம் சரியா எடு, போதும்" என்றார். வரப்போகிற ராபி, அதாவது குளிர்காலப் பயிர்ப் பருவத்தின் கணக்கெடுப்புக்கு ஆள் எடுப்பதைப் பற்றியும் போகிற போக்கில் சொன்னார். எனக்குப் புரியட்டும் என்றுதான் சொன்னார்.

அன்று இரவு என் கல்லூரி ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். பெங்களூரைச் சுற்றியுள்ள தாலுகாக்களில் ராகிப் பரப்பு எப்படி மாறுகிறது என்பதுதான் தலைப்பு. வருடத்துக்கு வருடம் இறங்குகிற கோடு ஒன்று, அதன் கீழே நான் எழுதிய முடிவு: "உழவர்களின் விருப்பம் தானியங்களிலிருந்து தோட்டப் பயிர்களுக்கு நகர்ந்துள்ளது." மதிப்பெண் நிறையக் கிடைத்தது. அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் எங்கோ ஒரு வரப்பில் நின்ற யாரோ ஒருவர் தொட்டதன் கூட்டல் என்று எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வருடப் புள்ளியில் நானும் இருக்கிறேன். ஒரு ஏக்கர் அளவுக்கு நானே அந்தக் கோட்டைக் கீழே இழுத்திருக்கிறேன்.

எண்களெல்லாம் பொய் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ராகி குறைந்துதான் இருக்கிறது, வண்டியில் போனாலே தெரிகிறது. லேஅவுட் கற்கள், ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரங்கள், வேலி போட்டுப் பூட்டிய வெறும் நிலங்கள். ஆனால் அந்த அக்கா ராகியை விடவில்லை. விட்டதாக நான் எழுதிவிட்டேன்.

புதன்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் நின்றேன். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பிறந்த வீடு ஓசூர்ப் பக்கம் என்பதால் தமிழ்; வாக்கப்பட்ட ஊர் என்பதால் கன்னடம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? மேடம்னதும் நான் யாரோ பெரிய ஆளுன்னு நெனச்சேன். ஸ்கூல் பையத் தூக்கினு வந்திருக்க."

அவருடைய கணவர் உள்ளிருந்து வந்தார். "நான் அப்பவே சொன்னனா இல்லியா? ராகி வேஸ்ட்டு. அந்தப் புல்லுக்காரன் ஜனவரில இருந்து நெலத்த எடுத்துக்கறேன்றான். வருஷ வாடகை, கையில. ஒரு தலைவலி கெடையாது."

புல்லுக்காரர் என்றால் அடுக்குமாடி வீடுகளுக்குப் புல்தரை வளர்த்துக் கொடுப்பவர். புல்லை மண்ணோடு சேர்த்து வெட்டி, பாய் மாதிரிச் சுருட்டி, லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். ஒவ்வொரு முறையும் மேல்மண் கொஞ்சம் சேர்ந்து போகும்.

"வாடகைக்கு நெலத்தக் குடுத்தா நெலம் இருக்கும். இவன் நெலத்தையே சுருட்டினு போறவன்" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பினார். "இந்த வருஷம் ராகிய ஆதரவு வெலைக்குப் போட்டுக் காட்டறேன், இல்லனா இவரு சொன்ன மாதிரி புல்லுக்கே குடுத்துடலாம்னு இவர்கிட்ட நான்தான் பந்தயம் கட்டுனேன். வெளில வியாபாரி கேக்கற வெலைக்குப் போட்டா அறுத்த கூலிகூட நிக்காது. உன் வெரலு பட்டு நான் தோக்கப் போறேன். புரியுதா?"

புரிந்தது. அதற்கு மேல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வெட்கமாக இருந்தது. நேராகக் கிராம நிர்வாக அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். நேரில் வந்து பார்த்து அவர் கையெழுத்திட்டால்தான் பதிவைத் திறப்பார்கள்.

புதன் முழுக்க அவர் வரவில்லை. தாலுகா அலுவலகத்தில் கூட்டம். வியாழக்கிழமை மூன்று நிமிடம் பார்த்தேன். "எத்தனை ஊர் என்கிட்ட இருக்கு தெரியுமாம்மா? திங்கக்கிழமை வரேன்" என்றார். திங்கட்கிழமை வந்து என்ன பயன்? வெள்ளிக்கிழமை அலுவலகம் திறக்கும் முன்பே போய்ப் படியில் உட்கார்ந்தேன். அவர் வந்து என்னைப் பார்த்ததும் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"இன்னைக்கு முடியாது. வண்டி பஞ்சர்."

"என் வண்டி இருக்கு சார்."

"லேடீஸ் ஓட்டற வண்டில பின்னால நான் உக்காந்து வரதா? ஊர்ல சிரிப்பாங்க."

"நீங்க ஓட்டுங்க சார், நான் பின்னால உக்காந்துக்கறேன்."

உள்ளே போனார். பிறகு மேசையிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பாவின் ஸ்கூட்டரில் பிரேக் எப்போதும் தாமதமாகத்தான் பிடிக்கும். முதல் வேகத்தடையில் அதைத் தெரிந்துகொண்டவர் அதற்குப் பிறகு வழி முழுக்க இரண்டு காலையும் தரைக்குத் தொங்கவிட்டபடியே ஓட்டினார்.

வரப்பில் வந்து நின்றார். நான் அன்று நின்ற அதே இடம்; ஃபோன் செய்திருந்ததால் அக்காவும் கணவரும் முன்பே வந்திருந்தார்கள். பார்த்தார். "அவரைதானே இருக்கு?" என்றார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், களத்துல வந்து பாருங்க. ராகித் தாளப் போர் போட்டிருக்கேன் ஆள் ஒசரத்துக்கு."

"போர் எந்த நெலத்துதா வேணா இருக்கலாம்மா. நான் நெலத்துக்குத்தான் கையெழுத்துப் போட முடியும்."

கணவர் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது சொல்லிக் கெஞ்சலாம் என்று வாயைத் திறந்தேன். அப்புறம் தோன்றியது, இங்கே கெஞ்சுவதற்கு என்ன இருக்கிறது, எண்ணினால் போயிற்று.

செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு நிலத்துக்குள் இறங்கினேன். கணக்கெடுக்க வந்தவள் அந்த நிலத்துக்குள் நன்றாக உள்ளே போனது அதுதான் முதல் தடவை. கொடிகளை இரண்டு கையாலும் விலக்கினேன். அடியில், தரையோடு ஒட்ட அறுத்த தாள் கட்டைகள், வரிசையாக. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தபோது கொத்தாக வேர் ஒரு கை மண்ணோடு வந்தது.

"சார், இது ராகித் தாளா இல்லியா?"

"ஒரு மூலைல நாலு ராகி மொளைச்சிருக்கும்" என்றார். ஆனால் வரப்பிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்திருந்தார்.

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஒரு முனையை அக்காவிடம் கொடுத்தேன். நிலத்தைக் குறுக்காக நடந்தோம். அவரை வரிசை ஒன்று. அதிலிருந்து ராகித் தாள் வரிசைகளைச் சத்தமாக எண்ணினேன்: எட்டு. மறுபடி அவரை. மறுபடி எட்டு. ஒரு இடத்தில் ஏழு வந்தது. "அங்க மாடு திரும்பறப்ப கோணலாச்சு" என்று அக்கா சொல்ல, மரத்தடியிலிருந்து கணவர், "மாடு இல்ல, நான்தான்" என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். நடுவிலும், இரண்டு ஓரத்திலும், கீழ்க்கோடியிலும் எண்ணினோம். நான்காவது தடவை அதிகாரியே பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்து தானாக எண்ண ஆரம்பித்தார்.

"முழுக்க அவரை போடறவன் யாரும் இவ்ளோ எடம் விட மாட்டான்" என்று கடைசியில் தனக்கே சொல்வது மாதிரிச் சொன்னார். கோப்பைப் பிரித்து ஸ்கூட்டர் இருக்கையில் வைத்து எழுதினார்: பிரதானப் பயிர் ராகி, ஊடுபயிர் அவரை. பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"முதல் பதிவு ஏன் தப்பாச்சுன்னு நீ எழுதணும். சர்வர் பிராப்ளம்னு எழுது. எல்லாரும் அதான் எழுதுவாங்க. உனக்கும் ஒண்ணும் வராது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பேனாவை வாங்கினேன். அடுத்த பருவத்து வேலை, குழுவில் வருகிற கைதட்டல் எல்லாம் ஒரு சுற்று மனசில் வந்து போயின. பிறகு கன்னடத்தில் எழுதினேன்: நிலத்தின் விளிம்பில் நின்று படம் எடுத்தேன், உள்ளே போய்ப் பார்க்கவில்லை. உரிமையாளர் உடன் இல்லை. இருந்தார் என்று குறித்தேன்.

அதிகாரி படித்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். "சரி, உன் இஷ்டம்" என்று கையெழுத்திட்டார்.

சனிக்கிழமை காலை அந்த ஊர்ப் பொதுச் சேவை மையத்தில் அக்காவோடு வரிசையில் நின்றேன். கணினியின் முன் இருந்தவர் சர்வே நம்பரைத் தட்டினார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது; வலித்தது. "ராகி" என்றார் கணினிக்காரர், இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி. அச்சடித்த சீட்டு வந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கணவருக்கு ஃபோன் போட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "புல்லுக்காரன்கிட்ட சொல்லிடு, வேற ஊரு பாக்கச் சொல்லி."

மேற்பார்வையாளரின் செய்தி அதற்குள் வந்திருந்தது. ராபிப் பருவப் பட்டியலில் என் பெயர் இல்லை. இப்போதைய பருவத்துக்கு மட்டும் செயலியில் என் அனுமதி மாதக் கடைசி வரைக்கும் இருக்கும்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தபோது அக்கா கேட்டார்: "அன்னிக்கு எங்க நெலம் மட்டுமா பாத்த?"

இல்லை என்றேன்.

"மத்தவங்களுக்கும் இதே கதைதானா?"

தெரியவில்லை. அதுதான் நிஜமான பதில், அதையே சொன்னேன். செயலியைத் திறந்து அந்த நாளின் பட்டியலை எடுத்தேன். 'அவரை' என்று நான் குறித்தவை இன்னும் ஐந்து இருந்தன. மணி பத்தரை. பதிவு மாலை ஐந்து மணிக்கு மூடும். ஐந்து நிலம், ஐந்து வீடு, அதிகாரியையும் மறுபடி பிடிக்க வேண்டும். அவர் என் எண்ணைப் பார்த்தால் எடுக்கவே மாட்டார்.

"முதல் நம்பரு யாருது?" அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அட, இவளா. இவ கெடைக்கறது கஷ்டம், சந்தைக்குப் போயிருப்பா. ரெண்டாவத மொதல்ல பாக்கலாம். வி.ஏ.ஓ. சாருக்கு நான் என் ஃபோன்ல இருந்து போடறேன், எடுப்பாரு. வண்டிய எடு."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். எடுத்தேன்.