சர்க்கரை இல்லாதவன்

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் இருப்பது எண்பத்தேழாம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தெரிந்தது. கிழமையை உறுதியாகச் சொல்ல முடியும். ஞாயிறு விடுமுறை கழிந்து தபால் பைகள் குவிகிற நாளில் நான் அரைநாள் விடுப்புக் கேட்டதற்குப் போஸ்ட்மாஸ்டர் முகம் சுளித்தார். கள்ளக்குறிச்சி தபால் நிலையத்தில் காலையில் முத்திரையின் தேதியை மாற்றிவைப்பது என் வேலை. பல ஆண்டுகள் அதைச் செய்தவனுக்குத் தேதி உடம்போடு ஒட்டிவிடும். மழை பெய்த நாள், கோமுகி ஆற்றில் தண்ணீர் வந்த நாள், ஊருக்குப் புது பஸ் விட்ட நாள், உறவில் நடந்த கல்யாணங்கள் எல்லாமே எனக்குத் தேதியோடுதான் நினைவிருக்கும்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சோற்றைக் குறைக்க வேண்டும், கிழங்கு கூடாது, இனிப்பு அறவே கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்றார். தீபாவளி வரை பார்ப்போம், அதற்குள் கட்டுப்படவில்லை என்றால் தினமும் ஊசி போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அம்மைத் தடுப்பூசிக்கே பரணில் ஏறி ஒளிந்துகொண்டவள் என் மனைவி.

அதற்கடுத்த ஒரு மாதத்தைப் பற்றி நான் சொல்வது தவறாகப் படலாம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. நூலகத்தில் உணவைப் பற்றி இருந்த புத்தகங்களை எல்லாம் படித்து, எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக் கூடாது என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். இரவில் நானே சப்பாத்தி இட்டுச் சுட்டுக் கொடுத்தேன். காலையில் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அவளுடைய சிறுநீரைச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவதும் நான்தான். நிறம் மாறாமல் இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறத்தில் முடியும். குழாய் கொதிக்கும்போது அவள் என் தோள் பக்கம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். “இன்னா கலருங்க?” என்று என்னைத்தான் கேட்பாள்.

ஆடி மாதத்தில் எதிர்வீட்டம்மா வந்தார். அவருடைய கணவரான பாய், கல்வராயன் மலை மேலே போய்ப் புளியும் சாமையும் தேனும் வாங்கிவந்து விற்பவர். அந்தம்மாவுக்குச் சர்க்கரை வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சுவரில் ஒட்டியிருந்ததை முழுதும் படித்துவிட்டு என் மனைவியைக் கேட்டார்.

“ராத்திரி எத்தினி சப்பாத்தி துன்றேக்கா?”

“ஏழு, எட்டு. சப்பாத்திதானேனு இவரு போட்டுக்கினே இருப்பாரு.”

“அடி ஆத்தே! கோதுமைல சக்கரை இல்லனு அண்ணனுக்கு எவன் சொன்னான்? நமக்கு மூணோட நிறுத்திக்கணும். அண்ணே, நீங்க சுடுங்க, வேணாங்கல. சுட்டு நீங்களே துன்னுடுங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று முதல் எங்கள் வீட்டில் ‘நமக்கு’ என்றால் அவர்கள் இரண்டு பேர்தான். எட்டு சப்பாத்தி மூன்றாயிற்று. மத்தியானச் சோறு பாய் கொண்டுவந்த சாமைச் சோறாயிற்று, அதுவும் அளவோடு. குழாய் மஞ்சளிலிருந்து பச்சைக்கு இறங்கியது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் சப்பாத்தியால் ஏறியது அந்தம்மாவின் சொல்லால் இறங்கிவிட்டதே என்றுதான் இருந்தது.

பிறகு நடை. விடியலில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி, அந்தம்மா தொழுகையை முடித்ததும், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார். “அக்கா!” ஒரே குரல்தான். எழுப்பினாலும் எழாத என் மனைவி அதற்குள் செருப்பு மாட்டியிருப்பாள். இருவரும் கச்சிராயபாளையம் சாலையில் போய்த் திரும்புவார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் சிரிப்புக் கேட்கும். திரும்பி வரும்போதும் கேட்கும். என் வீட்டில் என்னோடு அவள் அப்படிச் சிரித்ததை நான் கேட்டதில்லை.

“இன்னா பேசினீங்க?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

“சும்மாவா அவ்ளோ சிரிப்பு?”

“அது எங்களுக்குள்ள. உங்களுக்குப் புரியாது.”

நானும் வருகிறேன் என்று ஒரு நாள் கேட்டேன். “உங்களுக்கு இன்னா வியாதியா, நடக்கறதுக்கு?” என்றாள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தச் ‘சும்மா’வை அவள் என்னிடமும் சொல்ல வேண்டும். ஆவணி முழுக்க அதே நினைப்பில் இருந்தேன். மணலூர்பேட்டை என்று இருந்த கடிதத்தை ரிஷிவந்தியம் பையில் போட்டு, போஸ்ட்மாஸ்டரிடம் பேச்சு வாங்கினேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, பஸ் நிலையத்துக்கு அருகிலிருந்த பரிசோதனைக் கூடத்துக்குப் போய் என் சிறுநீரைக் கொடுத்தேன். என் அப்பாவின் பக்கத்தில் இரண்டு பேருக்குச் சர்க்கரை உண்டு. எனக்கும் வராமலா போகும்? பரிசோதனை செய்பவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“இங்க் பாட்டிலு மாதிரி நீலமா இருக்கு சார். ஒண்ணும் இல்ல, போங்க.”

“இன்னொரு தடவ பாக்கறீங்களா? கம்மியா இருந்தா தெரியாம போயிடுமே.”

“எல்லாரும் இல்லனு சொல்லச் சொல்லிக் கெஞ்சுவாங்க. நீங்க இன்னா சார், இருக்குனு சொல்லச் சொல்றீங்க?”

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெஞ்சில் பாய் உட்கார்ந்திருந்தார். மனைவியின் சோதனை முடிவை வாங்க வந்திருக்கிறார். “நல்ல சேதிதானே தபால்காரரே!” என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

புரட்டாசி பிறந்த சமயம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ஒரு வாரம் மாவட்டமே நின்றுபோனது. புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் பையும் வரவில்லை. வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள் என்று பல பக்கங்களிலிருந்தும் சேதி வந்துகொண்டிருந்தது. முத்திரை குத்த ஒன்றுமில்லாத அந்த நாட்களிலும் நான் போய்த் தேதியை மாற்றிவைத்துவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டம்மா மகளைப் பார்க்க மறியலுக்கு முந்தின நாள்தான் நைனார்பாளையம் போயிருந்தார். திரும்பி வர வழியில்லை. “அக்கா!” என்ற குரல் இல்லாததால் என் மனைவி எழுந்திருக்கவில்லை. பயத்தில் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. மூன்றாம் நாள் குழாய் ஆரஞ்சுக்கு ஏறியது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தன் கையைத் தடவிக்கொண்டாள், ஊசி போடுகிற இடத்தை.

கலவரச் சேதி எங்கள் பக்கம் தணிந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, மறுநாள் விடியலில் நானே செருப்பை எடுத்து அவள் முன் வைத்தேன். மறுப்பாள் என்று நினைத்தேன். வந்தாள்.

ஊர் எல்லையில் ஒரு பெரிய புளியமரம் விழுந்து கிடந்தது. அதன்மேல் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“பஸ்ஸு கெடயாதும்மா. எங்க போறீங்க?”

நான் திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். அவள், “எங்கயும் போவலப்பா. சக்கரை. நடக்கச் சொல்லி இருக்காங்க” என்றாள்.

அவர்களில் மூத்தவர் எழுந்தார். “மறியல் வண்டிக்குத்தாம்மா, நடக்கறவங்களுக்கு இல்ல. டேய், அந்தக் கெளைய புடிங்கடா, அம்மா போவட்டும்.”

கிளையைத் தூக்கிப் பிடித்தார்கள். குனிந்து அப்பால் போனோம். சாலை முழுதும் எங்களுடையதாக இருந்தது. தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தம்மாவோடு என்றால் இந்நேரம் எத்தனை முறை சிரித்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன்.

“ஒடம்புல நோவு இல்லனு சொன்னா எவனாவது மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வருவானா?” என்றாள் திடீரென்று.

“பாய் சொன்னாரா?”

“அன்னிக்கே. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சி சிரிச்சி ஓடைப் பாலத்து மேலயே உக்காந்துட்டோம்.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “நாங்க இன்னா பேசுவோம்னு தெரியணும், அதானே? சாப்பாடுதான். ஒரு நாளிக்கு அவுங்க வாயாலயே சேமியா பாயசம் காச்சுவாங்க. ஒரு நாளிக்கு நான் அதிரசம் சுடுவேன். போய்த் திரும்பறதுக்குள்ள துன்னு முடிச்சிடுவோம். இதைப் போயி உங்ககிட்ட சொன்னா, அதுவும் ஆவாதுனு எழுதி செவுத்துல ஒட்டுவீங்க.”

ஓடைப் பாலத்தைத் தாண்டினோம். பிறகு சொல்லத் தொடங்கினேன். “எமர்ஜென்சி முடிஞ்ச மறுவருஷம், தை மாசம், ரிஷிவந்தியத்துல உன் சித்தி மக கல்யாணம். வெள்ளிக்கிழமை. எலையில மொதல்ல ஜாங்கிரி வெச்சாங்க. அப்புறம் பருப்பு வடை, வாழக்கா வறுவல், பூசணிக்கா சாம்பார்...”

“வத்தக்கொழம்பு உட்டுட்டீங்க.”

“அது ராத்திரி பந்திக்கு. பகல்ல பால் பாயசம். மேல முந்திரி.”

“முந்திரியா? ஒண்ணு கெடச்சவன் ஊரக் கூட்டிக் காட்டினான்!” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான். தெருமுனையில் எனக்குக் கேட்ட அதே சிரிப்பு. “அடுத்தது சொல்லுங்க.”

மறியல் முடியும்வரை தினமும் ஒரு கல்யாணம் சொன்னேன். குழாய் பச்சைக்குத் திரும்பியது. தீபாவளி சமயத்தில் டாக்டரின் ஊசிப் பேச்சு தள்ளிப்போனது. அதற்கு வெகு முன்னாலேயே மரங்களை இழுத்துப் போட்டுச் சாலையைத் திறந்துவிட்டார்கள். முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தபோது ஊரே வாசலில் நின்று பார்த்தது. வருத்தப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் விடியலில் நானும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். “அக்கா!” என்ற குரல் கேட்டது. என் மனைவி என்னைத் தாண்டி இறங்கினாள். “தோசை மாவு பொங்கி வழியுது, கொஞ்சம் பாருங்க” என்றாள். இருவரும் கைகோத்துக்கொண்டு போனார்கள்.

தெருவில் பேச்சுக் கேட்டது. “எமர்ஜென்சி முடிஞ்ச மறுவருஷம், மாசி மாசம், ரிஷிவந்தியத்துல...” என்று என் மனைவி சொல்லிக்கொண்டு போனாள். நான் சொன்ன கல்யாணத்தை, அந்தம்மாவிடம்.

“தை மாசம்!” என்று கத்தினேன்.

பால்காரர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அவர்கள் இருவரும் பார்க்கவில்லை. ஜாங்கிரி வரைக்கும் போய்விட்டிருந்தார்கள்.