ஷிப்ட் நோட்டில் என் மகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வால்வு கம்பெனியில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். ஷிப்ட் மாறும்போது நடந்ததையெல்லாம் நோட்டில் எழுதி, அடுத்து வருபவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கிளம்புவோம். நம் தப்பையும் எழுத வேண்டும். மறைத்தால் அடுத்த ஷிப்டில் எவன் கையாவது போகும்.

கனடாவில் கணவரோடு ஒத்துவராமல், ஐந்து வயது மகளோடு கவரைப்பேட்டைக்குத் திரும்பி, கல்யாணத்துக்கு முன் பார்த்த இந்த வேலையிலேயே சேர்ந்தேன். வீட்டிலும் ஒரு நோட்டுப் போட்டேன். அப்பாவும் மகளும் வீடியோவில் பேசிய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதில் இருக்கும்.

விவாகரத்து கனடாவிலேயே ஆனது. குழந்தையை அனுப்பச் சொல்லி அந்த ஊர் நீதிமன்றம் போட்ட உத்தரவோடு அவர் சென்னையில் வழக்குப் போட்டார். மகளைப் பேசவே விடுவதில்லை என்று என்மேல் புகார் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோட்டை என் வக்கீலம்மா மேஜையில் போட்டேன்.

புரட்டியவர் முகம் சுருங்கியது. "இன்னாம்மா இது? கோவத்துல நானே போனை ஆஃப் பண்ணிட்டேன்னு ரெண்டு எடத்துல எழுதிக்கினு இருக்க? உன் தலைல நீயே மண்ண வாரிப் போட்டுக்கினியே! அந்த ரெண்டு பக்கத்தயும் கிழிச்சிடு."

"மாட்டேன் மேடம். பக்கம் போன நோட்ட எங்க கம்பெனியிலயே எவனும் நம்ப மாட்டான்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். திரும்பும் ரயிலில்தான் பயம் வந்தது. அந்த இரண்டு பக்கத்தால் குழந்தை கையை விட்டுப் போய்விட்டால்?

நீதிபதி முழுக்கப் படித்தார். தன் தவறையே எழுதியவர் மற்றதையும் உள்ளபடிதான் எழுதியிருப்பார் என்றார். மகள் என்னிடம் இருப்பாள், பெரிய லீவுக்கு அப்பாவிடம் போவாள் என்று தீர்ப்பானது. பாதிதானே ஜெயித்தாய் என்று சொந்தக்காரர்கள் இழுத்தார்கள். போங்கப்பா, எனக்கு அது முழுசுதான்!

முதல் லீவுக்கு அவரே வந்து அழைத்துப் போனார். விமான நிலையத்தில் நோட்டை நீட்டினேன். பால் பிடிக்காது, வலது காதில் தண்ணீர் போகக்கூடாது, தூங்கும்போது விளக்கு எரிய வேண்டும். கீழே கையெழுத்துக்கு இடம்.

"நீ மாறவே மாட்டியா?" என்று சலித்தபடி போட்டார்.

"அங்க நடக்கறத நீங்க எழுதணும். தப்பு நடந்தா அதையும்."

அந்த மாதம் முழுக்க, அனுப்பாமல் வைத்துக்கொள்வாரோ என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்ன தேதியில் கொண்டுவந்து விட்டார். மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டிருக்க, நோட்டைப் பிரித்தேன்.

'அம்மாகிட்ட போகணும்னு அழுதாள். கத்திவிட்டேன். என் தப்பு.'

ஏழு வருடக் குடித்தனத்தில் ஒருநாளும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. கீழே எனக்கு இடம் விட்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன்.