லொறிக்காரர் பின்னிய கம்பளி

உரும்பிராயில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு லொறிக்காரர் தனியே இருந்தார். கறுத்த, பெரிய மனிதர். லொறி ஓடாத நாட்களில் விறாந்தையில் சம்மணமிட்டு இருந்து, கொக்கி ஊசியால் குழந்தைப் போர்வை ஒன்று பின்னிக்கொண்டிருப்பார். காய்த்துப்போன விரல்களில் கம்பளி நூல் அடிக்கடி சிக்கும். எங்கள் ஊர் வெயிலில் அதைப் பார்த்தாலே எனக்கு வியர்க்கும்.

போர்வை குளிர்ந்த மலைநாட்டில், பண்டாரவளையில் இருந்த பேத்திக்கு. மகள் தன் விருப்பப்படி கலியாணம் செய்துகொண்டு போன பிறகு இவர் அவளோடு கதைப்பதில்லை. பேத்தி பிறந்ததை யாரோ சொல்லித்தான் அறிந்தார். என் மகனும் அதே மாதம் பிறந்தவன். அதனால் அவ்வப்போது அவனை வாங்கிப் போர்வையில் கிடத்திப் பார்ப்பார். கால் வெளியே தெரிந்தால் இன்னும் நாலு வரி பின்னுவார்.

இப்படியே ஒரு வருடம் போனது. என் மகன் நடக்கத் தொடங்கிவிட்டான்.

“அண்ணை, இப்பிடிப் பின்னிக்கொண்டேயிருந்தா எப்ப கொண்டுபோய்க் குடுக்கப் போறியள்?” என்று கேட்டேன்.

ஊசி நின்றது. “வாசலிலையே வைச்சுத் திருப்பி அனுப்பினாளெண்டால் என்ன செய்யிறது, பிள்ளை?”

“அனுப்பினா வாங்கோ. ஆனா அந்தக் குஞ்சுக்கு அங்கை குளிருமெல்லே.”

அடுத்த கிழமை அவர் வீடு பூட்டிக் கிடந்தது. பத்து நாள் கழித்துத்தான் வந்தார். என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் நேரே வந்து, என் மகனை நிமிர்த்தி நிறுத்தி, அவன் உச்சந்தலையில் கையை வைத்துப் பார்த்தார்.

“இவனிலும் அவள் ஒரு விரல் உயரம், பிள்ளை,” என்றார்.