பிளாப்பியின் ஓட்டையை மூடியவன்

கம்போஸ் அக்கா விசைப்பலகையைப் பார்க்கவே மாட்டார். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். முடித்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் வழக்கமும் கிடையாது. அவசியம் இருந்ததில்லை. எங்கள் அச்சகத்தில் அது ஒன்றுதான் அவருடைய கர்வம். அதைக் கெடுத்தவன் நான்.

நான் அப்போது தாள் வெட்டும் இயந்திரத்தில் நின்றேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் அறை.

"என்ன கசாப்பு, விரல் பத்தும் இருக்கா?" என்பார் காலையில்.

"எண்ணிப் பாத்து சொல்றேன்க்கா."

அந்த வருடம் மருந்தாளர் படிப்புக்கு ஒரு பாடநூல் வந்தது. முந்நூறு பக்கம், பாதிக்குமேல் அளவுகளும் அட்டவணைகளும். அதை முடித்தால் கம்போஸ் பகுதிக்கு அக்காதான் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். இரண்டு மாதத்தில் முடித்தார். கம்ப்யூட்டரில் இடம் போதாது என்பதால், முடிந்த வேலையை பிளாப்பி என்ற உள்ளங்கையளவு சதுரத் தகட்டுக்கு மாற்றிவிட்டு உள்ளே இருப்பதை அழித்துவிடுவோம். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை யாரும் நம்புவதில்லை. ஒரே பிளாப்பி பத்து வேலைக்குச் சுழலும். நம்புவது மூலையில் இருக்கும் சின்ன ஓட்டையைத்தான். அதில் நகத்தால் தள்ளுகிற ஒரு கட்டை உண்டு. ஓட்டை திறந்திருந்தால் உள்ளே எதையும் எழுதவோ அழிக்கவோ முடியாது. மூடியிருந்தால் எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன், கேட்டால் சிரிப்பார்களோ என்ற எண்ணம்.

என் இயந்திரத்தில் விசைப்பிடிக்கு மேல் ஒரு மூடி இருந்தது. மூடியிருந்தால் கத்தி இறங்காது, கையை நீட்டலாம். திறந்திருந்தால் ஜாக்கிரதை. எனக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

ஒரு மதியம் அக்கா சாப்பிடப் போயிருந்தார். சரிபார்த்த தாள்களைக் கொண்டுபோய் வைத்தேன். மேசையில் பெட்டி திறந்து கிடந்தது. பாடநூல் பிளாப்பி மேலே இருந்தது, ஓட்டை திறந்தபடி. அக்கா மூட மறந்துவிட்டார், தூசி போகும் என்று நினைத்து, நகத்தால் கட்டையைத் தள்ளி மூடினேன். நல்லது செய்துவிட்ட திருப்தியோடு வந்து தாள் வெட்டினேன்.

மறுநாள் முதலாளி ஒரு அவசர அழைப்பிதழை ஏற்றுவதற்கு பிளாப்பி தேடினார். ஓட்டை மூடியிருந்ததை எடுத்தார், பழையதை அழித்தார், தன் வேலையை ஏற்றினார்.

அக்கா கண்டுபிடித்தபோது மணி பதினொன்று. முதலாளியின் குரல் என் இயந்திரச் சத்தத்தைத் தாண்டி வந்தது.

"தொறந்து வைக்கணும்னு தெரியாதா உனக்கு? மூடியிருந்தா காலின்னுதானேம்மா அர்த்தம்?"

"நான் தொறந்துதான் சார் வெச்சேன்..." என்றார் அக்கா. பிறகு குரல் தாழ்ந்தது. "வெச்சேன்னுதான் நெனைக்கிறேன்."

அந்த நிமிடம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு நாலடி நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை. அடுத்த கட்டுத் தாளை எடுத்து வைத்தேன்.

முழுப் புத்தகத்தையும் மறுபடி அடித்தார். அந்தப் பொறுப்புக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். அக்கா அவருக்குக் கீழே பதினெட்டு வருடம் இருந்தார்.

எனக்கு வலித்தது அதுகூட இல்லை. அதற்குப் பிறகு எதையும் மூன்று முறை பார்க்க ஆரம்பித்தார். பிளாப்பியை எடுப்பார், பார்ப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். சிடி வந்தது, பென் டிரைவ் வந்தது, அதே கதைதான். வெளியே போகும்போது கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கி, பாதியில் திரும்பி ஏறுவார். வீட்டில் கணவர் "மறதி மகாராணி" என்று பேர் வைத்துவிட்டதாக அவரே சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

போன மாதம் அவர் வேலையை விட்டார். ஒரு வாரம் தள்ளி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு அந்த ஓட்டைய மூடுனது நான்."

எந்த ஓட்டை என்று அவர் கேட்கவில்லை.

"அப்போ நான் மறக்கல?"

"இல்லக்கா."

"நான் தொறந்துதான் வெச்சிருந்தேன்?"

"ஆமாக்கா. நான்தான்..."

கை ஓங்கினார். அடித்திருக்கலாம். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் என்னையே நான் நம்பலடா. பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து நின்றது. அதற்குள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். கூடத்தில் கணவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத நிறுத்துங்க. இவன் ஒண்ணு சொல்லணுமாம்" என்றார் அக்கா. என்னிடம் திரும்பி, "சொல்லு. எங்கிட்ட சொன்ன மாதிரி முணுமுணுக்காத. சத்தமா சொல்லு."

மூன்று பேரும் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னேன். முடித்து நிமிர்ந்தபோது கணவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.